மொத்தமா? மாதமா?
(மதுரையில் தொழிலாளர் தோழர்களிடையே ஆற்றிய உரை)



வைகையிலே வெள்ளம் வந்தால் ஓடோடிச் செல்கிறோம். பாலத்திலே நின்று பார்த்துப் பரவசப்படுகிறோம். ஆனால் பயிரைக் காப்பது அந்த ஒரு நாள் வெள்ளமா, முறை தவறாமல் வாய்க்காலிலே வரும் நீரா? மேலூர்ப் பக்கத்து உழவரைக் கேளுங்கள், சொல்லுவார். நான் பேச வந்ததோ தண்ணீரைப் பற்றி அல்ல. தள்ளாத வயதிலே கைக்கு வரும் பணத்தைப் பற்றி!

ரயில்வே காலனிப் பெரியவர் ஒருவர் சென்ற கிழமை என்னைத் தேடி வந்தார். 2004இல் பணியேற்றவர்; 2030இல் ஓய்வு பெறுபவர். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை விரும்பி ஏற்றவர். "தம்பி, பழையபடி தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கே போய்விடட்டுமா? கையிலே மொத்தமாக வருமாமே!" என்றார்.

போகலாம். சட்டம் தடுக்கவில்லை. ஓய்வுக்கு ஓராண்டு முன்புவரை ஒரே ஒரு முறை கதவு திறக்கும். வெளியே போனவர் மீண்டும் உள்ளே வர முடியாது!

கல்லூரிப் படிகளிலே பாதியில் இறங்கியவன் நான். கணக்கைக் கண்டால் காததூரம் ஓடியவன். எனினும் அன்று பெரியவரோடு அமர்ந்து கணக்குப் போட்டேன். கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படை ஊதியத்தின் சராசரி 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து ஆண்டு நிறைந்தவருக்குப் பாதி, 30,000 ரூபாய், மாதந்தோறும் உறுதி. அகவிலை நிவாரணம் அதற்கு மேலே. அவர் கண்மூடினால் துணைவியாருக்கு அதிலே 60 விழுக்காடு.

வெளியேறினால்? சேர்ந்திருப்பது 60 இலட்சம் என்று கொள்வோம். 24 இலட்சத்துக்கு ஆண்டுத்தொகை வாங்கியாக வேண்டும். 36 இலட்சம் கையிலே! இரண்டுக்கும் 6 விழுக்காடு கிடைத்தால் மாதம் 12,000 ஒன்று, 18,000 ஒன்று. கூட்டுங்கள்: அதே 30,000!

பெரியவர் முகம் மலர்ந்தது. "முதலும் அப்படியே இருக்குமே தம்பி" என்றார். இருக்கும் ஐயா, தொடாதவரை இருக்கும்! நான் நாடகம் எழுதுபவன். மொத்தப் பணம் வந்த வீட்டுக்குள் முதலில் நுழையும் பாத்திரம் யார் என்பதை அறிவேன். மகளின் மணம், மருமகனின் கடை, மாடியிலே ஓர் அறை! முதல் கரைந்தால் மிஞ்சுவது 12,000. விலைவாசி ஏணியில் ஏற, அந்தத் தொகையோ ஆணி அடித்தாற்போல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இது புதிய கதையா? மதுரை ரயில்வே கோட்டம் உருவானது 1956இல். மறு ஆண்டே ரயில்வேத் தொழிலாளருக்கு ஓய்வூதியம் வந்தது. வைப்பு நிதியா, ஓய்வூதியமா, நீயே தேர்ந்துகொள் என்றனர். வைப்பு நிதியின் மொத்தத்தை நாடியவர் பலர். அவர்களை மூடர் என்று நான் கூறமாட்டேன். அன்றைய விலைவாசியிலே அது மலையெனத் தெரிந்தது. பின்னாளிலே ஓய்வூதியம் உயர உயர, "எங்களுக்கும் மாற வாய்ப்புத் தருக" என்று உச்ச நீதிமன்றம் ஏறினர். 1990இல் கிருஷ்ண குமார் வழக்கிலே அரசியல் சட்ட அமர்வு மறுத்துவிட்டது. என்ன காரணம் தெரியுமா? வைப்பு நிதிக்காரருக்கு அரசின் கடமை அவர் பணம் பெற்றதோடு முடிகிறது. ஓய்வூதியக்காரருக்கோ அவர் ஓய்வு பெறும்போதுதான் தொடங்குகிறது!

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். பத்தாண்டுப் பணி நிறையாதவருக்கு உறுதித் தொகை இல்லை. இருபத்தைந்து ஆண்டு முடித்து விருப்ப ஓய்வு பெறுவோர், இயல்பான ஓய்வு நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். கணவனும் மனைவியும் மறைந்தபின் பிள்ளைகளுக்கு மாதத் தொகை இல்லை. துணையற்றவர், தீரா நோயாளி, உடல் ஊனமுற்ற பிள்ளையை உடையவர் ஆகியோரின் கணக்கு வேறு. அவர்களிடம் "இருங்கள்" என்று ஒரே வாயாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பெரியவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. துணைவியார் அவரைவிட ஒன்பது ஆண்டு இளையவர். "அம்மாவிடம் கேட்டீர்களா?" என்றேன். தலை குனிந்தார். "அவளுக்கு இதெல்லாம் தெரியாது, தம்பி" என்றார்.

தெரியாதா? தீபாவளிக் கடனைப் பொங்கலுக்குள் அடைத்தவர் அவர்தானே ஐயா! 2029வரை நேரமிருக்கிறது. படிவத்தை இன்றிரவே அவர் முன் விரியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.