தன் குரல் தன் செவிக்கு



குற்றாலத்துப் பேரருவியின் அடியில் நிற்பவர் எவரும் மெல்லப் பேசுவதில்லை. அருகில் நிற்பவரிடம் துண்டு கேட்பதற்கும் குரல் உச்சத்திற்கு ஏறுகிறது. ஏற்ற வேண்டுமென்று எண்ணி எவரும் ஏற்றுவதில்லை. அருவியின் இரைச்சலில் தன் குரல் தன் செவிக்கு எட்டாதபோது தொண்டை தானே அழுத்தம் கொள்கிறது. எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911ஆம் ஆண்டில் இதனை எழுதி வெளியிட்டார். அவர் பெயராலேயே அவ்விளைவு இன்றும் வழங்குகிறது. சாரல் காலத்தில் வருவோர் அக்கட்டுரையைப் படியாமலே அதனை நாள்தோறும் மெய்ப்பித்துச் செல்கின்றனர்.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலி பிறத்தற்குரியனவாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினைக் கூறினார். செவி அவ்வெட்டினுள் இல்லை. ஒலியைப் பிறப்பிப்பது அதன் தொழிலன்று. ஆயினும், பிறந்த ஒலி மாத்திரை பிறழாமல் நடப்பதற்குச் செவியின் காவல் வேண்டும் என்பது, கணிப்பொறியின் முன் அமர்ந்து கவிதையைப் பதிவு செய்யும் இந்நாளில் வெளிப்படையாகத் தெரிகிறது.

மேக்கரை மலையடியிலிருந்து அனுமன் நதி இறங்கிவரும் வடகரையில், எழுபது வயதுக் கவிஞர் ஒருவர் தம் பாடல்களைப் பேரனின் கணிப்பொறியில் பதிவு செய்ய அமர்கிறார் என்று கொள்வோம். எதிரே மைக், தலையில் ஹெட்போன். தம் குரல் தமக்குக் கேட்க வேண்டும் என்கிறார். பேரனும் அதற்குரிய பொத்தானை அழுத்திவிடுகிறான். முதலடி ஒழுங்காக வருகிறது. இரண்டாமடியில் நா தடுமாறுகிறது, சொன்ன அசையையே மீண்டும் சொல்கிறார், குறில் இழுபடுகிறது. மனப்பாடமான பாட்டு, அவரே கட்டிய பாட்டு, வாயில் உடைகிறது. வயதாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிடுகிறார்.

தளர்ச்சி அவர் நாவில் இல்லை. மைக் வாங்கிய ஒலியைக் கணிப்பொறி நொடிக்கு 44,100 கூறுகளாக எண்ணி, அவற்றைச் சிறு சிறு கட்டுகளாகத் தேக்கி அனுப்புகிறது. ஒரு கட்டில் 1,024 கூறுகள் இருந்தால், அது நிரம்பவே 23 மில்லி நொடி ஆகும். உள்ளே வரும்போது ஒரு முறையும் வெளியே போகும்போது ஒரு முறையும் இந்தத் தேக்கம் நேர்கிறது. இடையிலுள்ள மென்பொருள்களும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. தனிக் கருவி எதுவுமின்றி இயங்கும் சாதாரணக் கணிப்பொறியில் இத்தாமதம் 100 மில்லி நொடியையும் கடப்பதுண்டு. கம்பியில்லா ஹெட்போனாயின் இன்னும் மிகும்.

பெர்னார்டு லீ என்னும் அமெரிக்கர் 1950இல் இதனை ஆராய்ந்து எழுதினார். ஒருவர் குரலை ஏறத்தாழ நொடியில் ஐந்திலொரு பங்கு தாமதித்து அவர் செவியிலேயே செலுத்தினால், சரளமாகப் பேசுபவரும் திக்குகிறார், உயிரொலியை நீட்டுகிறார், குரலை உயர்த்துகிறார். தமிழ்ப் பாட்டுக்கு இது எத்துணைக் கேடு என்பது யாப்பறிந்தார்க்கு விளங்கும். நிரையசையின் முதற்குறில் நெடிலாக நீண்டால், அவ்வசை பிளந்து இரண்டு நேரசையாகிறது. புளிமா தேமாங்காயாகிவிடும், மாச்சீர் காய்ச்சீரானபின் தளை எங்கே நிற்கும்? கவிஞர் வெண்பாவைப் பிழையறக் கட்டியிருப்பார்; கணிப்பொறி அதில் அளபெடையைப் புகுத்தியிருக்கும். மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைநொடியையும் அளவாக வைத்த மொழியில், மில்லி நொடியை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது வியப்பே.

தாமதம் சில மில்லி நொடிகளே ஆயினும் முற்றும் தீங்கில்லை என்பதற்கில்லை. எலும்பின் வழியே உடனே கேட்கும் குரலும், சற்றுப் பிந்தி வரும் குரலும் கலந்து, குடத்துக்குள் பேசுவதுபோல் தோன்றும். நா திக்காது, ஆனால் தம் குரலே தமக்கு அயலாகிவிடும்.

பரிகாரம் எளியதே. மைக்கைக் கணிப்பொறியோடு இணைக்கும் சிறு கருவிகள் பலவற்றில், குரலைக் கணிப்பொறிக்குள் செலுத்தாமல் நேரே ஹெட்போனுக்குத் திருப்பும் வசதி உண்டு. அதனைத் திறந்து, மென்பொருளில் கேட்கும் வழியை அடைத்துவிட வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் குரல் இரட்டித்துக் கேட்கும். அக்கருவி இல்லையாயின், பதிவின்போது எதையும் கேளாதிருத்தலே நன்று. ஒலிபெருக்கியில் கேட்கலாம் என்றால், அவ்வொலி மீண்டும் மைக்கில் புகுந்து ஊளையிடும். இரு செவியையும் இறுக மூடும் ஹெட்போனும் ஆகாது. குற்றாலத்து அருவிக்கரையின் கதை அங்கும் நிகழும். ஒரு செவியைத் திறந்து வைத்துப் படிப்பது பழகிய அறிவிப்பாளர் பலர் கைக்கொள்ளும் முறை.

கேளாமலே பதிவு செய்தவர் இந்தப் பகுதியிலேயே இருந்தார். செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவை அவையோர் அறிவர். மைக் இல்லாத மேடையில் பாடி வளர்ந்த குரல் அது. கொட்டகையிலிருந்து திரும்பி வரும் எதிரொலியும் கேட்போர் ஆரவாரமுமே அவருக்குச் செவித்துணை. அக்குரல் இசைத்தட்டில் ஏறிய நாளில் ஹெட்போன் ஏது? பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். பாடியது மெழுகில் பதியும். அந்த மெழுகைச் சுழலவிட்டுக் கேட்டுப் பார்த்தாலோ, வரிகள் தேய்ந்து தட்டு அச்சிட உதவாமற் போகும். ஆகவே பாடுபவர் தம் தொண்டையை நம்பிப் பாடினார். பதிந்தது என்னவென்று பின்னரே அறிந்தார். இன்று எஞ்சியுள்ள கிட்டப்பாவின் தட்டுகள் அந்த நம்பிக்கையின் பதிவுகளே.

பழமை போற்றும் ஆசையில் இது கூறப்படவில்லை. ஹெட்போன் வேண்டாமென்பதும் கருத்தன்று. மைக்கிலிருந்து முகம் விலகியதையும், பகரம் வெடித்து இரைந்ததையும், தெருவில் போன ஆட்டோவின் ஓசை புகுந்ததையும் உடனே உணர்த்துவது அதுவே. தீங்கு வேறோரிடத்தில் இருக்கிறது. பதிவின் நடுவிலேயே தம் குரலின் இனிமையைச் சுவைக்கத் தொடங்கினால், கவிஞர் பொருளை விட்டுவிட்டு ஒலியைப் படிக்கிறார். ழகரம் அளவுக்கு மீறி வளைகிறது. நிறுத்த வேண்டாத இடத்தில் மௌனம் விழுகிறது. இந்நாளைய கவிதைப் பதிவுகள் சிலவற்றில் இக்குறை அப்பட்டமாகக் கேட்கிறது.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954) கவிதையைச் செவிக்குரியதாகவே கொண்டவர். திருநெல்வேலியில் அவர் இல்லத்து வட்டத்தொட்டியில் அன்பர்கள் கூடியிருந்து பாட்டைச் சுவைத்தனர். அத்தகைய கூட்டத்தில் பாடுவோர்க்கு எதிரே இருப்பவர் முகமே காட்டிக் கொடுக்கும்: சொல் விளங்கவில்லையெனில் புருவம் சுருங்கும், விளங்கினால் தலை அசையும். இதில் ஒரு மில்லி நொடித் தாமதமும் இல்லை.

வடகரைக் கவிஞரை மீண்டும் அழைத்து வர வேண்டும். ஹெட்போனைப் பேரன் அணிந்துகொள்ளட்டும். மைக்குக்கு அப்பால், கவிஞர் கண்ணுக்கு நேரே, பாட்டை இதுவரை கேளாத ஒருவரை அமர்த்திவிட்டுப் பதிவைத் தொடங்கலாம். முடிந்தபின் அவர் விரும்பினால் போட்டுக் காட்டலாம். இது தம் குரலா என்றுதான் முதலில் கேட்பார். எலும்பு வழியே கேட்டுப் பழகிய கனம் பதிவில் இராது. அக்குரலைத்தான் ஊரார் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.