கட்டும்போதே குளிர்ச்சியாகக் கட்டுவோம்
(அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

நம் மதரஸாவுக்குப் புது வகுப்பறைக் கட்டடம் கட்டுவது பற்றிப் பேசத்தான் கூடியிருக்கிறோம். வரைபடம் உங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சாலையைப் பார்த்த மேற்கு முகப்பில் பெரிய கண்ணாடி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். இரண்டு அறைக்கு ஏசி மாட்டிவிடலாம் என்றும் கேட்டார்கள். பிள்ளைகள் மீதுள்ள பிரியத்தால் சொன்னது அது. ஆனாலும் முடிவெடுப்பதற்கு முன் சில செய்திகளை உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கட்டடத்துக்கான செலவை ஒருமுறை வசூல் செய்துவிடலாம். கரண்ட் பில் அந்தக் கட்டடம் நிற்கும் வரை மாதாமாதம் வரும். அதைக் கட்டப்போவது உங்கள் ஸதகாவும் சந்தாவும்தான். அது நம் கையில் உள்ள அமானத். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யாதே என்று கற்றுக்கொண்ட சமுதாயம் நாம். மின்சாரத்துக்கும் அதே கணக்குத்தான்.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2007இல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கும், 2018 டிசம்பர் 14 அன்று குடியிருப்புகளுக்கும் விதித்தொகுப்பு வெளியானது. குடியிருப்புக்கான தொகுப்பின் பெயர் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’. 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 5,380 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக அது எழுதப்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் யூனியன் பிரதேசமும் தன் கட்டட விதிகளில் சேர்க்கும்போதுதான் அது கட்டாயமாகும். நம்மில் பெரும்பாலோர் வீடு அந்த அளவுக்குக் கீழேதான். சட்டம் நம்மைத் தொடாமல் போகலாம், வெயில் தொடாமல் போகாது. அதனால் அதில் உள்ள விஷயத்தை எடுத்துக்கொள்வது நமக்கு லாபம்.

அந்த விஷயம் இதுதான். ‘இத்தனை அங்குலச் சுவர் வை, இன்ன செங்கல் போடு’ என்று பொருளைச் சொல்வது ஒரு முறை. ‘எப்படிக் கட்டுகிறாயோ உன் விருப்பம், வெளி வெப்பம் இந்த அளவுக்கு மேல் உள்ளே வரக் கூடாது’ என்று பலனைச் சொல்வது இன்னொரு முறை. இரண்டாவதைச் செயல்திறன் அடிப்படையிலான தரம் என்கிறார்கள். எக்கோ நிவாஸ் சம்ஹிதா நம்மைப் போன்ற வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊர்களுக்குச் சொல்லும் அளவு, சுவர் ஜன்னல் வழியாகச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் வெப்பம் வரக் கூடாது என்பது. சுவர் வழியாக வருவது, கண்ணாடி சூடாகி வருவது, கண்ணாடியை ஊடுருவும் வெயிலோடு வருவது ஆகிய மூன்றையும் கூட்டிக் கணக்கிடுவார்கள். ஜன்னலைப் பெரிதாக்கினால் அதற்கு மேலே நல்ல நிழல் கொடுக்க வேண்டும். சுவரில் மிச்சம் பிடித்தால் இன்னோர் இடத்தில் ஈடுகட்ட வேண்டும். கையில் உள்ள பணத்துக்கு ஏற்ற வழியை நாமே தேர்ந்துகொள்ளலாம். ஏழை ஜமாஅத்துக்கு இந்த முறை மிகவும் பொருந்தும்.

கூரைக்குத் தனி அளவு வைத்திருக்கிறார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நம் ஊரில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. கோடையில் முழு அடியும் மொட்டைமாடிக்குத்தான். வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். நம் பெரியவர்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதித்தார்களே, அது அலங்காரத்துக்கு அல்ல. செலவு மிச்சம் என்று இன்று அதைத்தான் முதலில் வெட்டுகிறோம். பிறகு இரவெல்லாம் தளம் கக்கும் அனலில் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம்.

காற்றுக்கும் அளவு உண்டு. நம் பகுதிக்குத் திறக்கக்கூடிய ஜன்னல், கதவு பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 600 சதுர அடி வகுப்பறை என்றால் 100 சதுர அடி. இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு சமயத்தில் பாதிதான் திறக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நம் புதுச்சேரியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ விடுதி. 1930களின் பிற்பகுதியில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் எழுந்தது. ஏசி என்ற சொல் நம் பக்கம் புழங்காத காலம். வடக்கிலும் தெற்கிலும் முழு நீளத்துக்குத் திறந்து மூடும் பலகைகள். அதனால் நிழலும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும். மேலே இரட்டைக் கூரை, நடுவே காற்று ஓட இடைவெளி. அதற்கான நன்கொடை ஹைதராபாத் நிஜாமிடமிருந்து, அவருடைய திவான் ஸர் அக்பர் ஹைதரி வழியாக வந்தது. கோல்கொண்டா வைரச் சுரங்கங்களின் நினைவாகத்தான் அந்தப் பெயர். ஒரு முஸ்லிம் திவான் பெற்றுத் தந்த பணத்தில் எழுந்த கட்டடம் இன்றும் உலகத்துக் கட்டடக் கலை மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

இப்போது நம் வரைபடத்துக்கு வருவோம். நமக்குக் கிப்லா மேற்கும் சற்று வடமேற்கும். அஸர் நேரத்து வெயில் அந்தப் பக்கத்துச் சுவரில்தான் அடிக்கும். மதரஸாவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஓதுவதும் அந்த நேரத்தில்தான். அங்கே கண்ணாடி வைப்பது பிள்ளைகளை அடுப்புக்கு எதிரே உட்கார வைப்பது போல. அதனால் நிர்வாகக் குழு உங்கள் முன் வைக்கும் யோசனை: மேற்கில் கண்ணாடி வேண்டாம், மாடிப்படியும் சாமான் அறையும் அந்தப் பக்கம் வரட்டும். ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக, மேலே அகலமான சன்ஷேடோடு. தளத்துக்கு மேல் ஜல்லி சுண்ணாம்பும் வெள்ளை ஓடும். ஏசிக்கு ஒதுக்க நினைத்த தொகை இதற்குப் போகட்டும்.

மின்விசிறியிலும் பார்க்க வேண்டியது உண்டு. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு மாதம் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஏசி வைத்திருப்பவர்கள் 24 டிகிரியில் வையுங்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள ஏசிகள் அந்த அளவில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி.

வளைகுடாவில் உழைத்து அனுப்பும் பணத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபின் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளிலும் குழந்தையைத் தூங்க வைக்க முடிகிற வீடுதான் நல்ல வீடு. மேஸ்திரியிடம் சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்பதோடு, கூரைக்கு மேல் என்ன போடுவீர்கள், மேற்குச் சுவருக்கு நிழல் உண்டா, எத்தனை ஜன்னல் திறக்கும் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

கட்டி முடித்தபின் பலனை அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. ஓர் ஆண்டில் ஓடிய யூனிட்டைக் கட்டடத்தின் சதுர மீட்டரால் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி வீடு ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 3,000 யூனிட் என்றால் சதுர மீட்டருக்கு 32. அடுத்த ஆண்டு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று வீட்டுப் பெண்களே சொல்லிவிடலாம். புது மதரஸாவின் கணக்கை ஒவ்வொரு ஆண்டும் இந்த மடலிலேயே அச்சிடுவோம், இன்ஷா அல்லாஹ். குறை இருந்தால் நீங்கள் எங்களைக் கேட்கலாம்.

கடைசியாக, வீட்டைப் பழுதுபார்க்க நம்மிடம் உதவி கேட்டு வரும் விதவைத் தாய்மார்களுக்கும் முதியவர்களுக்கும், ஒழுகலை அடைப்பதோடு மாடிக்கு வெள்ளை அடித்துக் கொடுப்பதையும் சேர்க்க நினைக்கிறோம். செலவு சிறிது, கோடையில் அவர்கள் கேட்கும் துஆ பெரிது. இதற்கும் வரைபட மாற்றத்துக்கும் உங்கள் சம்மதத்தைக் கேட்கிறோம்.

நம் பணத்தில் பரக்கத்தையும், பிள்ளைகளின் கல்வியில் வளர்ச்சியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.