இரண்டு விநாடிச் சிலேட்டு
(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பத்து நிமிஷம்தான்' என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்ப்பது துணை மின்நிலையத்தில். போனில் எண்களைச் சொல்வதும் கேட்பதும் அங்கே அன்றாடம். எந்த ஃபீடர், எந்த பிரேக்கர், எத்தனை மணிக்கு லைன் கிளியர், கம்பத்தில் ஏறப்போவது யார்? இதில் ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்பது மின்னியல் நண்பர்களுக்குத் தெரியும். ஆகவே, காதில் விழுந்த எண் மனதில் எப்படித் தங்குகிறது என்று தேடிப் படித்தேன்.

1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கணக்குச் சொன்னார். ஒருமுறை கேட்டதும் திருப்பிச் சொல்ல முடிவது ஏழு உருப்படி; இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். சேர்த்துக் கட்டினால் ஒரு கட்டும் ஓர் உருப்படியே. பத்து இலக்க செல்போன் எண்ணை நாம் பிரித்துப் பிரித்துச் சொல்வது இதனால்தான்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, நீளமும் பார்க்க வேண்டும். 1975இல் பிரிட்டனில் ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் நாடுகளின் பெயர்களை வைத்துச் சோதித்தார்கள். சாட், பர்மா, கிரீஸ், கியூபா, மால்டா என்றால் சுலபமாக வந்தது. செக்கோஸ்லோவாக்கியா, சோமாலிலாந்து, நிகரகுவா, ஆப்கானிஸ்தான், யூகோஸ்லாவியா என்றால் தடுமாறினார்கள். இரண்டிலும் ஐந்தே பெயர்கள்தான்! சுமார் இரண்டு விநாடிக்குள் வாயால் சொல்லி முடிக்கக்கூடிய அளவே மனதில் நிற்கிறது என்று கண்டார்கள். ஏன் அப்படி என்பதில் இன்றும் விவாதம் உண்டு. எனக்கு அது ஒரு சின்ன சிலேட்டு மாதிரி படுகிறது. எழுதியது அழிந்துகொண்டே இருக்கும். உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் யாராவது 'சார், டீ?' என்று கேட்டால் போச்சு!

இந்தச் சிலேட்டில் எழுதப்படுவது ஒலி. 1964இல் கான்ராட் என்பவர் எழுத்துக்களைக் கண்ணுக்குத்தான் காட்டினார். தவறு நேர்ந்ததோ ஒலியில். 'பி'யும் 'வி'யும் ஒன்றுக்கொன்று மாறின. நம் தமிழில் அறுபதையும் எழுபதையும் போனில் கேட்டுப் பாருங்கள், புரியும்.

இதில் என் மனதைத் தொட்டது வேல்ஸ் நாட்டு விஷயம். வேல்ஸ் மொழி பேசும் குழந்தைகள், எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். 'இந்தப் பிள்ளைகளுக்கு ஞாபகம் மட்டு' என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! 1980இல் எல்லிஸ், ஹென்னலி என்ற இருவர், இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். வேல்ஸ் மொழியில் எண்களின் பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட அதிக நேரம் பிடித்தது. அதே ஆள் வேல்ஸ் மொழியில் குறைவாகவும், ஆங்கிலத்தில் கூடுதலாகவும் நினைவில் வைத்தார். குறை பிள்ளைகளிடம் இல்லை, சுமையின் நீளத்தில் இருந்தது.

நம் வேலைக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது? மூன்று சொல்கிறேன்.

ஒன்று, ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். ஃபீடர் எண்ணைச் சொல்லுங்கள், நிறுத்துங்கள், அவர் எழுதட்டும். பிறகு அடுத்தது.

இரண்டு, எண்ணைச் சொன்ன கையோடு 'சரியா?' என்று ஒட்டாதீர்கள். பட்டியலின் முடிவில் வேண்டாத ஒரு சொல் விழுந்தாலும் கடைசி இலக்கத்தின் நினைவு மங்குகிறது என்று 1960களிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்று, 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது சார்' என்றுதான் பதில் வரும். 'என்ன எழுதியிருக்கீங்க, படிங்க' என்று கேளுங்கள். கேட்டவர் திருப்பிச் சொல்லி, சொன்னவர் ஆமோதித்த பிறகே பிரேக்கரில் கை போக வேண்டும். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையின் ஆணையைத் திருப்பிச் சொல்கிறார்கள். அவர்களை யாரும் மந்த புத்தி என்பதில்லை.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் பொறியாளராகப் போய் நிற்கும்போது, உங்களைவிட இருபது வயது மூத்த லைன்மேன் ஒருவர், 'இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்' என்பார். முகம் சுளிக்காதீர்கள். அவருக்கும் உங்களுக்கும் எனக்கும் சிலேட்டு ஒரே அளவுதான். கம்பத்தில் ஏறப்போவது மட்டும் அவர். இன்னொரு முறை, நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்.