கொசு குறைந்தும் டெங்கி கூடிய கதை

 

சிங்கப்பூரில் 1968இல் கொசு ஒழிப்புச் சட்டம் வந்தது. அதிகாரிகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். புழு வளரவிட்டவர்களுக்கு அபராதம் விழுந்தது. எழுபதுகளின் நடுவில், சோதித்த நூறு இடங்களில் ஏறத்தாழ இரண்டில்தான் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு. டெங்கியும் பதினைந்து ஆண்டுபோல் அடங்கிக் கிடந்தது. தொண்ணூறுகளில் திரும்பி வந்தது. 2005இல் 14,000 பேரைத் தாண்டியது, 2013இல் 22,000, 2020இல் 35,000. கணக்கு தப்பா?

கணக்கு சரிதான். ஆனால் டெங்கி வராமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் குறையக் குறைய, நோயைப் பரப்பச் சில கொசுக்களே போதும் என்றாகிவிட்டது. போதாததற்கு, ஏடிஸ் பகலில் கடிப்பது. அதிகாரிகள் பெரும்பாலும் பார்த்தது வீடுகளை. பகலில் பிள்ளை பள்ளியில், அப்பா கட்டுமானத் தளத்தில்.

இதை மருத்துவ மாணவருக்கு விளக்கிவிடலாம். தேக்கா வட்டாரத்தில் மாலை கட்டும் அக்காவுக்கு? பூ வாளியில் தண்ணீர் இருந்தே தீரவேண்டும். “தண்ணீர் தேக்காதீங்க” என்றால் தொழிலை விடச் சொல்வதுபோல. “ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணியை மாத்துங்கக்கா, வாளியோட உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவுங்க, முட்டை அங்கதான் ஒட்டிக்கிட்டிருக்கும்” என்றால் செய்வார். ஆபத்தைச் சொல்வது என்பது கேட்பவர் கைக்கு எட்டும் வேலையைச் சொல்வது என்றே நான் நினைக்கிறேன்.

அடுக்குமாடி புளோக்குகளில் தொங்கும் டெங்கி எச்சரிக்கைப் பதாகைகளைப் பாருங்கள். 150 மீட்டருக்குள், 14 நாளில் இருவருக்கு டெங்கி வந்தால் அது குழுமம். பத்துக்குக் கீழே மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. இரண்டுமே படுத்துவிட்டவர்களின் கணக்கு. பதாகை இல்லாத புளோக்கில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். இன்று பறக்கும் கொசுவை எண்ண, தேசிய சுற்றுப்புற வாரியம் 2017 முதல் தீவெங்கும் தாழ்வாரங்களில் பொறி வைத்தது: கறுப்பு உருளை, அடியில் வைக்கோல் ஊறிய தண்ணீர், உட்சுவரில் பசை. முட்டையிட வரும் பெண் கொசு ஒட்டிக்கொள்ளும். கொசு மிகுந்த வட்டாரத்துக்கு ஊதாப் பதாகை பிற்பாடு வந்தது. நோய் வருமுன் பேசுவது அது ஒன்றுதான்.

2016 அக்டோபரில் வாரியம் இதைவிடச் சங்கடமான வேலையில் இறங்கியது. ஐம்பது ஆண்டுகளாகக் கொசுவைக் கொல்லச் சொன்ன அரசு, பிராடல் ஹைட்ஸ் உள்ளிட்ட பேட்டைகளில் கொசுவைப் பறக்கவிட்டது. அவை வொல்பாக்கியா கிருமி கொண்ட ஆண் கொசுக்கள். ஆண் கடிக்காது, அது கூடிய பெண் இடும் முட்டை பொரியாது. விடும் இடங்களில் கொசு சற்று அதிகமாகக் கண்ணில் படும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். பூந்தொட்டித் தட்டைக் கவிழ்ப்பதை நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னார்கள். அதைத்தான் பாதிப் பேர் காதில் வாங்கவில்லை என்பது என் சந்தேகம்.