புகைப்படக் கலையும் நம் இளைஞரும்



கொழும்பு லயனல் வென்ட் அரங்கிலே நாடகம் பார்த்தவர் நம்மிற் பலர். அவ்வரங்கிற்குப் பெயர் தந்தவர் ஒரு புகைப்படக் கலைஞர் என்பதை அறிந்தவர் சிலரே. 1900ஆம் ஆண்டிற் பிறந்த வென்ட், இலண்டனிலே சட்டமும் பியானோவும் பயின்று மீண்டவர். சட்டத் தொழில் அவரைப் பிடித்து வைக்கவில்லை. ஏறக்குறையப் பத்தாண்டுக் காலமே அவர் படக்கருவியோடு வாழ்ந்தார். எனினும் 1938இல் இலண்டனிலே தனிக் கண்காட்சி வைக்குமளவிற்கு உயர்ந்தார். 1944இல் மறைந்தார். வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு காலம் குடியிருந்த சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடாவும் தம் நினைவுக் குறிப்புகளில் அவரைப் பற்றி எழுதியுள்ளார்.

வென்ட் வாழ்ந்த மனையிடத்திலே 1953இல் எழுந்தது அவ்வரங்கு. அதனோடு சேர்ந்த காட்சிக்கூடத்திலே ஓவியங்களும் புகைப்படங்களும் வைக்கப்பட்டு வருகின்றன. வேறு வாயில்களும் உண்டு. 2013இல் தொடங்கிய கொழும்புஸ்கோப் கலைவிழா ஒன்று. 2019இல் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அரும்பொருளகம் மற்றொன்று. அங்கே விளக்கங்கள் தமிழிலும் எழுதப்படுதல் நமக்கு உவகை தருவது. 1950இல் அமைந்த அனைத்துலகப் புகைப்படக் கலைச் சம்மேளனத்தின் ஆதரவிலே பல நாடுகளில் நடைபெறும் போட்டிகளுக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்தபடியே படம் அனுப்பலாம். நுழைவு விதிகளையும் கட்டணத்தையும் முன்னரே ஊன்றிப் படித்துக்கொள்க.

எங்கள் பாடசாலை மாணவர் கைபேசியில் எடுத்த படங்களைக் கொணர்ந்து காட்டுவதுண்டு. பெரும்பாலும் அந்தி வானம்! அழகுதான், ஆயினும் அந்தி வானம் எவ்வூரிலும் உண்டு. கண்காட்சிக்குப் படம் தேர்வோர் எதிர்பார்ப்பது, ஒரே பொருளைப் பலகால் நோக்கியெடுத்த படவரிசையை. அப்பொருளைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வெள்ளவத்தை நெசவாலை இருந்த நிலத்திலே இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆலையிலே உழைத்த முதியோர் எவரேனும் அயலில் இருப்பின், அவர்தம் கைகளும் முகமுமே ஒரு படவரிசைக்குப் போதும். ஆடிவேல் இரதமும், கொச்சிக்கடைச் சிவன் கோயிலின் கருங்கற்றூண்களும் அவ்வாறே.

இதனை நான் வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. 1983 யூலையிலே இந்நகரில் எரிந்த தமிழர் வீடுகளில் குடும்பப் படத்தொகுப்புகளும் எரிந்தன. பாட்டனாரின் முகத்தைக் காட்ட ஒரு படமுமில்லாத குடும்பங்கள் எத்தனை! இன்று எடுக்கும் படத்தை இரண்டு மூன்று இடங்களிற் சேமித்து வையுங்கள். ஒன்றேனும் வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று. புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தம் இறுதியாண்டுகளை இலங்கையிற் கழித்து 1879இல் இங்கேயே காலமானார். அவர் இங்கெடுத்த படமொன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்பது. நூற்றாண்டுக்கு மேலாக உலகம் அம்முகங்களைப் பார்க்கின்றது. பெயர்களோ தலைப்பில் இல்லை. நீங்கள் படமெடுக்குமுன் உரியவரின் இசைவைப் பெறுங்கள். பெயரையும் தெருவையும் நாளையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்டபின் ஒரு பிரதியை அவர் கையிலே கொடுங்கள்.