ஐந்து போத்தல், ஆறு கோப்பை

('விலைதான் தரத்தைச் சொல்லும்' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில், எதிரணியில் பேசிய பினாங்கு அன்பரின் உரை)



நான் பேச வந்திருப்பது சிவப்பு ஒயினைப் பற்றி. தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டாம். செபராங் பிறைத் தோட்டத்தில் என் அப்பா சம்பள நாளன்று சம்சு குடித்துவிட்டு வருவார். அந்த வாடைக்குப் பயந்தே 40 வயது வரை நான் எதையும் தொட்டதில்லை.

இப்போது ஜார்ஜ்டவுனில் நண்பர்கள் ஐவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் வீட்டில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு போத்தல். 50 வெள்ளியைத் தாண்டக் கூடாது. சுவைத்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவோம். போன முறை ஒரு குறும்பு செய்தேன். யாருக்கும் சொல்லாமல் 200 வெள்ளி போத்தலை வைத்தேன். சமையலறையில் ஊற்றி எண் ஒட்டிக் கொண்டுவந்தது என் மனைவி. ஐந்து போத்தலுக்கு ஆறு கோப்பை வந்தது. ஏன் என்று கேட்டால், "குடித்துப் பாருங்கள்" என்கிறார்.

200 வெள்ளிக்கு நான்காம் இடம்! அதைவிடக் கூத்து, 38 வெள்ளி ஒயின் ஒன்றை இரண்டு கோப்பையில் ஊற்றியிருந்தார். ஒன்றுக்கு எட்டு, இன்னொன்றுக்கு ஐந்து போட்ட மேதை நான்தான்.

வீட்டுக் கூத்து என்று எதிரணியார் சிரிக்கலாம். 1976இல் பாரிசில் பிரெஞ்சு நிபுணர்களே பெயர் தெரியாமல் சுவைத்து, கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் சிவப்பு ஒயினுக்கு முதலிடம் தந்தார்கள். உலகப் புகழ் பெற்ற மூட்டோன் ரோத்ஷீல்ட் அதற்குப் பின்னால்தான். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ராபர்ட் ஹாட்சன் என்பவர், ஒரே போத்தலிலிருந்து மூன்று முறை ஊற்றி நடுவர்களைச் சோதித்தார். ஏறக்குறையப் பத்தில் ஒருவர்தான் மாறாமல் மதிப்பிட்டார் என்று 2008இல் எழுதினார். நடுவர் அவர்களே, உங்களைச் சொல்லவில்லை!

நம் ஊரில் ஒயினைக் கெடுப்பது விலையல்ல, வெக்கை. சிவப்பு ஒயினை 16 முதல் 18 பாகைச் சூட்டில் பருக வேண்டும். பினாங்கு வீட்டுக்குள் 30 பாகை. அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் 38 வெள்ளி ஒயினிலும் நாவல்பழத் துவர்ப்பு எழும்பி வரும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எல்லா மலிவும் ஒன்றல்ல. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது குடித்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் ருசி பார்க்கவா வாங்கினார்கள்? என் அப்பாவும் ருசிக்காகக் குடிக்கவில்லை. அவருக்கு யாரும் மதிப்பெண் தாள் கொடுத்ததில்லை.

நாங்கள் கோப்பைக்கு இரண்டே மடக்கு. மிச்சத்தை மறுநாள் என் மனைவி ஆட்டிறைச்சியில் ஊற்றுவார். அந்த 200 வெள்ளியும் அப்படித்தான் சட்டிக்குள் போனது.