பாய் விரித்த பள்ளி



மும்பையில் தாராவி இருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன குடும்பங்கள் அங்கே ஏராளம். விடியும் முன்பே இட்லி அவித்து விற்கப் புறப்படுகிறவர்கள் உண்டு. அப்போது மூன்று வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? அக்காதான். அதனால் அக்காவின் படிப்பு போயிற்று.

தாராவிக்கு அடுத்தது மாட்டுங்கா. அங்கே மும்பைப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் துறை ஒன்று இருந்தது. அதில் பாடம் சொன்னவர் மாதவ் சவான். ரசாயனம் படித்தவருக்குக் குழந்தைகளிடம் என்ன வேலை என்று கேட்பீர்கள். முன்பே அவர் குடிசைப் பகுதிகளில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் பணியில் இருந்தார். சமூகப்பணிக் கல்லூரி ஆசிரியை ஃபரீதா லாம்பேயும் சேர்ந்தார். 1995-இல் 'பிரதம்' அமைப்பு உருவாயிற்று. மாநகராட்சியும் யுனிசெஃபும் துணை நின்றன.

சிறு குழந்தைகளுக்குப் பால்வாடி வேண்டும். இடம்? மும்பையில் ஒரு சாண் இடத்துக்கும் பொன் விலை. கட்டடத்துக்குக் காத்திருந்தால் குழந்தை வளர்ந்துவிடும். ஆகவே கோயிலில், அலுவலகத்தில், யாரோ ஒருவர் வீட்டு அறையில் பால்வாடி நடந்தது. பாய் விரித்தால் போதும்.

ஆசிரியை யார்? அதே பகுதியில் வாழும் பெண். அவளுக்குப் பயிற்சியும் படங்களும் கொடுத்தார்கள். மூன்று வயதுக்குப் பட்டதாரியா வேண்டும்? கதை சொல்ல வேண்டும், பாட வேண்டும், எண்ணப் பழக்க வேண்டும். தாய்மாருக்கு அவள் தெரிந்த முகம். நம்பிப் பிள்ளையை விட்டார்கள். தம்பி பால்வாடியில் இருக்கும் நேரத்தில் அக்காவும் பள்ளிக்குப் போகலாம்.

பிறகு இந்த வேலை மும்பையைத் தாண்டிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. 2012-இல் சவானுக்குக் கத்தார் நாட்டில் வைஸ் என்ற கல்விப் பரிசு கொடுத்தார்கள்.